வியாழக்கிழமை அளவு

ஆவ்னே ஹைவரினனின் கடையில்
உயிருள்ள இரைமீன் டஜன் ஐந்து டாலர்.
கீவினாவின் வடக்கு ஓரத்தில்
ஏரி உறைந்த பிறகுதான் வியாபாரம்,
அதற்கு முன்னும் பின்னும் பூட்டு.

கல்லாவுக்கு அடியில் ஒரு நோட்டு.
வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன
முந்நூற்றுப் பன்னிரண்டு மின்னஞ்சல் முகவரி.
பாதிப்பேர் கையுறையைக் கழற்றாமல் எழுதியவர்கள்,
ஏழா ஒன்றா என்று தெரியாத ஏழுகள்.

மார்க்வெட்டுக்குப் போய் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்தாள்.
மாதம் ஒரு மடல். மேலே படம்.
'அன்புள்ள' என்று போட்டால் போதும்
பெயர் தானே வந்து பக்கத்தில் அமரும்.
கீழே சிவப்புப் பொத்தான்: இப்போதே வாங்குங்கள்.
பாடம் எடுத்தவன் ஒருநாளும் மீன் பிடித்ததில்லை.
அவனே சொன்னான், சிரித்துக்கொண்டு.

நவம்பர் மடல்: தூண்டிலுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.
திறந்தவர்கள் பத்தொன்பது பேர்,
அதில் ஒருத்தி அவள் தங்கை.
டிசம்பரில் பெயர் வந்து அமரவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
அன்புள்ள, ஒரு காற்புள்ளி,
அப்புறம் வெற்றிடம்.

பிறகு அந்த வியாழன்.
தனக்கென்று தட்டிவைத்த குறிப்பை
விரல் தவறி எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்:

பம்பு வீட்டருகே ஐஸ் நாலு அங்குலம். சாம்பல் நிறம்.
நடு ஏரிக்குப் போகவில்லை. பயம்.
தொட்டி ஹீட்டர் நின்று இருநூறு மீன் காலி.
ரூடிக்கு நாற்பது டாலர் பாக்கி.
காபித்தூள்.

இருட்டுவதற்குள் அறுபத்தேழு பதில்.
சாம்பலா பால்வெள்ளையா, சரியாகச் சொல்.
எங்கே துளைத்தாய்? எனக்கு மூன்றேகால்தான் வந்தது.
பழைய ஹீட்டர் ஒன்று கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்.
ரூடியும் எழுதியிருந்தான்:
நாற்பத்தைந்து.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.
ஏரி மேலே நடக்கிறவனுக்கு
வேறென்ன வேண்டும்?

அதன்பின் அளந்ததை மட்டும் எழுதினாள்.
விடியுமுன் துளைப்பானும் அளவுகோலும்,
மூன்று இடம், மூக்கு மரத்துப்போகும் வரை.
தெற்குக் கரை அளவை டெல்மார் அனுப்பினான்,
தீவுப்பக்கம் பனிச்சறுக்கு வண்டிக்காரர்கள்.
சிவப்புப் பொத்தானை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை,
மடலின் காலடியில் அதுபாட்டுக்குக் கிடந்தது.
அளவு படித்துவிட்டு வந்தவர்கள்
இரைமீனும் வாங்கிப்போனார்கள்.

ஜனவரி நடுவில் மழை.
ஐஸின் மேல் தண்ணீர், தண்ணீரின் மேல் மூட்டம்.
சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி.
தொட்டியில் கடனுக்கு இறக்கிய நாலாயிரம் மீன்
ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன.
திரையின் முன் உட்கார்ந்து
'கவனமாக வாருங்கள்' என்று எழுதிப் பார்த்தாள்.
வாருங்கள் என்ற சொல் அதில் இருந்தது.
அழித்தாள்.

வராதீர்கள்.
இரண்டரை அங்குலம்.
கம்பி வைத்த இடத்தில் தானாக இறங்குகிறது.

அந்த வார விற்பனை
ஒரு ஜோடி கையுறை, இரண்டு காபி.
எத்தனை பேர் திறந்தார்கள் என்று
அவள் பார்க்கவில்லை.
ஒரே ஒரு பதிலை மட்டும் இரண்டு முறை படித்தாள்:
உன்னால் என் விடுதியில் பதினோரு அறை காலி.
பட்டியலிலிருந்து என் பெயரை எடு. லோர்ன் பெசெட்.
எடுத்தாள்.
முந்நூற்றுப் பதினொன்று.

பிப்ரவரியில் குளிர் திரும்பி வந்து
ஏரி இரவெல்லாம் வெடித்து முனகியது.
வெள்ளிக்கிழமை கதவு மணி அடித்தது.
பெசெட், தொப்பியில் பனி,
எதையும் வாங்குகிற மாதிரி இல்லை,
தொட்டியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
"விடுதிக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள்,
நேற்று எத்தனை அங்குலம் என்று."

பன்னிரண்டு என்றாள்.
நோட்டை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.
கையுறையோடு எழுதி முடித்தார்.

அவள் குனிந்து பார்த்து,
"இது ஏழா, ஒன்றா?" என்றாள்.