சவுனாவில் கிடந்த கல்

கெமி நகரில் ஜனவரி.
கார் கொட்டகைக்குள்ளேயே மைனஸ் பதினொன்று.
எபாக்சி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்,
ஒரு சொட்டு இறங்கவில்லை.

சரளை மட்டும் தயார்.
பனி விழுமுன்பே ஆற்றங்கரையில் அள்ளியது, அறுபது கிலோ.
கழுவி, மூன்று சல்லடையில் சலித்து,
ரொட்டி சுடும் அடுப்பில் தட்டுத் தட்டாய் உலர்த்தியது.
அந்த வாரம் முழுக்க
எங்கள் ரொட்டிக்குள் ஆறு நெறுநெறுத்தது.
பல் உடைந்தால் கவலையில்லை,
ஊருக்குப் பல் கட்டுவதுதான் என் வேலை.

வார்ப்பிரும்பு வாங்கக் காசில்லை.
கல்லும் பிசினும் கலந்து வார்த்தால்
அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும் என்பது என் கணக்கு.
வரைபடம் சமையலறைச் சுவரில்
காலண்டரை மறைத்து இரண்டு மாதமாகிறது.

"எவ்வளவு சூடு வேண்டும்?" என்றான் தைஸ்தோ.
"முதலில் முப்பது. இறுகியதும் அறுபது.
இரண்டு நாள், ஏறாமல் இறங்காமல்."

பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
ஆறு இரவு ஊரின் வெள்ளையை ஓரம் தள்ளிவிட்டு
ஏழாம் நாள் சவுனாவின் மேல்பலகையில் உட்காருவான்.
அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறும்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு உள்ளே போய்
ஆணியில் தொங்கிய தன் துண்டை எடுத்து வந்தான்.

அச்சுப்பெட்டியோடு வாஷிங் மெஷின் மோட்டாரைக் கட்டிக் குலுக்கினோம்.
கல்லுக்குள் ஒளிந்திருந்த காற்று
குமிழி குமிழியாய் மேலேறி உடைந்தது.
கதவுக்கு வெளியே வெப்பமானியும் நானும்,
இரண்டு இரவு, மாறி மாறிக் கண் விழித்தோம்.

அடித்தளம் ஒரு சனிக்கிழமை.
தூண் ஒரு சனிக்கிழமை.
நாற்றம் போக இன்னும் இரண்டு.
துண்டும் சாசேஜுமாகப் பக்கத்து வீட்டு உர்போவிடம் போனான் தைஸ்தோ.
"உங்கள் சவுனாவுக்கு என்ன?"
"ஓய்லியின் மெஷின் குளிக்கிறது.
முடித்துவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது."

பிள்ளைகள் சறுக்கும் பிளாஸ்டிக் வண்டியில் ஏற்றி
முற்றத்துப் பனியில் இழுத்து வந்தோம்.
ஓடாத நாத்தனாரின் ஓடும் மெஷினிலிருந்து மோட்டார்.
மூடிய ஆலையின் ஏலத்தில் எடுத்த திருகுத் தண்டு.
தண்டவாளங்கள் மட்டும் புதுசு,
அவற்றின் விலை தைஸ்தோவுக்கு இன்னும் தெரியாது.

மார்ச் முழுக்க டயல் கேஜோடு கழிந்தது.
தூண் நாலு நூறில் ஒரு மில்லி சாய்ந்திருந்தது,
இல்லை, தப்பு. நூறில் நாலு.
(தூக்கமில்லாதபோது பின்னங்கள் புரண்டு படுக்கும்.)
காப்பிப் பொட்டலத்தின் ஈயத் தாளை வெட்டி முட்டுக் கொடுத்தேன்.
சரியானது.
எஃகுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன்,
என் சூட்டுக்கு முள் நகர்ந்தது.
கையை எடுத்துக் காத்திருந்தேன், மெல்லத் திரும்பியது.
மறுபடி நூல் பிடித்தாற்போல் நின்ற ஒரு நொடியில்
முள் ஒரு கோடு துள்ளியது.
நான் எதையும் தொடவில்லை.
நிமிர்ந்தால், தைஸ்தோ.
பூட்ஸில் பனியோடு சத்தமில்லாமல் வந்து
என் முதுகுக்குப் பின்னால் பலகைத் தரையில் நிற்கிறான்.
"ஒரு அடி பின்னால் போ."
போனான். முள் திரும்பியது.
"முன்னால் வா."
துள்ளியது.
இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில்
அவன் பக்கத்தில் நிற்பது எவ்வளவு என்று
அன்றுதான் அளந்தேன்.
அரை மைக்ரான் கூடக்குறைய.

இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்றார்கள் எல்லோரும்.
மோட்டாரைத் தாங்கும் தகட்டை அரத்தால் ராவியிருந்தேன், கோணல்.
நான்கு பல் கத்தி அலுமினியத்தை முதன்முதலாகக் கடித்தது
புதுத் தகடு ஒன்றுக்காக.
ஆக, தனக்குத்தான் முதல் வேலை.
சீவல்கள் என் காலருக்குள் விழுந்து சுட்டன.
இரண்டாவதாக என்ன என்று இன்னும் யோசிக்கிறேன்.

சவுனா திறந்துவிட்டது.
மேல்பலகையில், தைஸ்தோ உட்காரும் இடத்தில்,
கண்ணாடிபோல் இறுகிய ஒரு சொட்டுப் பிசின்.
சுரண்டிவிடவா என்றால் வேண்டாம் என்கிறான்.
அடுப்பு ஏறியதா என்று
அதன்மேல் கட்டைவிரலை வைத்துத்தான் பார்க்கிறானாம்.