பெயரில்லாதவளின் நான்கு அள்ளு

அகடெஸ் ஊர் மகப்பேறு விடுதியில்
சுவர்க் கடிகாரம் நின்று பதினோரு நாள்.
பேட்டரி கேட்டு எழுதினேன்.
பெருநாள் கழியட்டும் என்று பதில் வந்தது.

இருபத்தொன்பதாம் நோன்பின் அந்தி.
மண் கோபுரத்துப் பள்ளிவாசலில்
துருத்திநிற்கும் கட்டைகளின் நிழல்
எந்தத் தெருவரை போயிற்றென்று
எட்டிப் பார்க்க நேரமில்லை எனக்கு.
ரைஷத்துவின் முழங்கால்களுக்கு நடுவே
ஈர மயிரோடு ஒரு தலை
தெரிவதும் ஒளிவதுமாக இருந்தது.
வெளியே மொட்டை மாடிகளில்
ஊரே பிறை தேடிக்கொண்டிருந்தது.

பாங்கு எழுந்தபோது
என் இரண்டு கையும் அவளிடம் இருந்தன.
காவல்காரர் இல்யாஸு
கண்ணை இறுக மூடிக்கொண்டு
கதவிடுக்கில் கை நீட்டிக்
குவளையை என் உதட்டில் முட்டினார்.
பாதி வாய்க்குள், பாதி கழுத்தில்.
அந்த வருடத்தின் கடைசி நோன்பை
(கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்)
அப்படித்தான் திறந்தேன்.
சட்டைப்பையின் பேரீச்சம்பழம்
சட்டைப்பையிலேயே கிடந்தது.

பெண்.
பாங்குக்கு முன்பா, பின்பா,
முஅத்தின் மூச்சு வாங்கிய
அந்த இடைவெளியிலா?
அழுதாள். அது மட்டும் நிச்சயம்.

இரவு ஒன்பது மணிக்கு வானொலி சொன்னது:
கிழக்கே ஏதோ ஊரில் மூன்று பேர் கண்டார்களாம்.
நாளை பெருநாள்.
தெருவில் பிள்ளைகள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அப்போதுதான் கூமர் வந்தான்.
உப்புக்குப் போகும் லாரியில் கிளீனர்;
டயர் இல்லாமல் லாரி நின்று இரண்டு மாதம்.
பிள்ளையைப் பார்த்தான், சிரித்தான்,
பிறகு மெல்லக் கேட்டான்:
"சூரியன் விழுமுன்னா, விழுந்தபிறகா?"

எனக்குப் புரிந்தது.
விழுமுன் பிறந்திருந்தால்
இவள் தலைக்கும் ஃபித்ரா உண்டு.
ஒரு தலைக்கு நான்கு அள்ளு கம்பு,
நடுத்தரமான இரு கை சேர்த்து,
விரிக்காமலும் இறுக்காமலும்.
விடியல்தான் கணக்கு என்று சொல்வோரும் உண்டு;
அவர்களை நான் அவனிடம் சொல்லவில்லை.

"ஐந்து தலைக்கு இருபது அள்ளு எடுத்துவைத்தேன்," என்றான்.
"சாக்கை உதறியாயிற்று."

பதிவேட்டைத் திறந்து
'மக்ரிபுக்குப் பின்' என்று எழுதி
மையை ஊதினேன்.
அவனுக்கு வாசிக்கத் தெரியாது.
வாசித்துக் காட்டினேன்.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.
எழுத்தைவிட முகம் வாசிக்கச் சுலபம் போலும்.

விடிந்தது.
தூங்காத கண்ணோடு வீட்டுக்கு நடந்தேன்.
தெருவெல்லாம் கஞ்சி போட்ட அங்கிகளின் சரசரப்பு,
நீலத் தலைப்பாகைகளின் சாயமும் அத்தரும் கலந்த வாடை.
தக்பீர் சொல்லிக்கொண்டு
ஆண்கள் திடலுக்குப் போகிறார்கள்.
ஒரு சிறுவன் புதுச் செருப்பைக்
கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுகிறான்.

கிணற்றுச் சந்தில்,
பொறுக்கிய சாணத்தை விற்றுப் பிழைக்கும்
தெமெல்லத்தின் வாசலில் கூமர் குனிந்து நின்றான்.
ஐந்து தலைக்கும் கொடுத்தாகிவிட்டது,
சாக்கு மடிந்து தோளில் கிடந்தது.
கையில் ஒரு சின்ன எனாமல் கிண்ணம்.
அதில் எங்கேயோ கடன் வாங்கிய கம்பு.
அளவு தவறிவிடுமோ என்று
இரு கையாலும் அள்ளி, ஒருமுறை உதறி,
மீண்டும் அள்ளி
அவள் முறத்தில் போட்டான்.
நான்கு.

"இது யார் பேரில்?" என்று அவள் கேட்டாள்.
"பேர் இன்னும் வைக்கவில்லை," என்றான்,
"ஆறு நாள் இருக்கிறது."

என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தான்.
பதிவேட்டைப் பற்றி
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்து முனையில் பழம் நினைவுக்கு வந்தது.
பையின் நூல் ஒட்டிக் கொஞ்சம் காய்ந்திருந்தது.
துடைத்து வாயில் போட்டேன்.
தலைக்கு மேல் வெயில்.
சுற்றிலும் ஆட்கள்.
ஒரு மாதப் பழக்கம்;
யாராவது பார்த்துவிடுவார்களோ என்று
முகத்திரையை இழுத்து
வாயை மறைத்துக்கொண்டு மென்றேன்.