ஏழு யார் சிவப்பு

சீனக்குடாவிலிருந்து ஆள் வந்தது.
"நாளைக்கு பிளேன் இறங்குது.
சீனத்துப் பூ சுங்கத்தில் கிடக்கு.
மூக்கில் கட்ட ஒன்று தைச்சுத் தாங்கோ."
"எவ்வளவு பெரிசு?"
இரண்டு கையையும் விரித்தான்.

சிவப்புச் சாட்டின் ஏழு யார்தான் இருந்தது.
காணாததற்கு,
தொண்ணூறில் அளவு கொடுத்து
எடுக்க வராத ரெஜினாவின்
கலியாணச் சட்டைத் துணி.

விடியும்வரை சுருக்கு வைத்தேன்.
விரலில் ஊசி ஏறியது. பூவில் துடைத்தேன்.
தெரியவில்லை.

காலை, உப்புவெளிக்கு மேலால்
அது தாழ வந்தது.
கண் திறந்தபோது
மேசைக்குக் கீழே இருக்கிறேன்,
கையில் கத்தரிக்கோல்.
சண்டை முடிந்து எத்தனை வருசம் என்று
எண்ணிக்கொண்டே எழும்பினேன்.

பின்னேரம் போனில் படம் காட்டினான்.
மூக்கில் என் பூ.
"வடிவு," என்றேன்.
இடப்பக்கத்து இதழ் ஒன்று
வேறு சிவப்பு.

கூலியை மாச முடிவில் தருவினமாம்.