நாலரை மணிச் சத்தம்

பாகான் டத்தோவுக்கு நான் வந்ததே இல்லை.
ஆனாலும் பஸ் வேகம் குறைந்தபோது
"எழுந்திரிங்க, வந்தாச்சு" என்றது நான்தான்.
அவர் இன்னும் தூக்கத்தில் இருந்தார்.

பதினோரு வருஷம்
துறையூரில் அடுப்பை அணைத்துவிட்டு
இந்த ஊரைக் காதால் பார்த்திருக்கிறேன்.
அவர் குரலுக்குப் பின்னால் கத்திரி ஓடும்.
அதற்கும் பின்னால்
ரொட்டிக்காரன் மோட்டார்சைக்கிள்,
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
வளைவில் கியர் மாற்றும் முனகல்.
தகரத்தில் மழை விழுந்தால்
பாதி வாக்கியம்தான் வந்துசேரும்.
மீதியை எனக்குப் பிடித்தபடி
நானே முடித்துக்கொள்வேன்.

எனக்கு மணி இரண்டு என்றால் அவருக்கு நாலரை.
சரியாக அந்நேரம்
கட்டடம் ஒன்று சரிந்து விழுவதுபோல்
ஒரு சத்தம் கேட்கும்.
"என்னங்க அது?"
"ஒண்ணுமில்ல."
பதினோரு வருஷமும் ஒண்ணுமில்ல.

இரண்டு விடுப்பு, இரண்டு பிள்ளைகள்.
திரும்பி வந்து
பஸ் ஸ்டாண்டு எதிரில் சொந்தமாய்க் கடை போட்ட பிறகும்
மாசிப் பனியில் ஷட்டரைத் தூக்கிவிட்டு
"அங்க இந்நேரம் தண்ணி ஏறியிருக்கும்" என்பார்.
யாரிடம் என்று இல்லாமல்.
ஊர் என்று நான் நினைத்ததில்லை அதை.
முகம் தெரியாத சக்களத்தி.
அவளைப் பார்க்கத்தான்
டிக்கெட்டுக்கு என் இரண்டு வளையலைக் கொடுத்தேன்.

"கடல் எங்கப்பா?" என்றான் சின்னவன் நிதர்ஷன்.
முழங்கால் அளவுக்குச் சேறு.
சேற்றுக்கு அப்பால் இன்னும் சேறு.
அதற்கும் அப்பால் டீத்தண்ணி நிறத்தில்
ஏதோ மினுங்கியது.
நீலக் கடலுக்கென்று வாங்கிய நீச்சலுடையை
மோவிகா பையைவிட்டு எடுக்கவே இல்லை.
அவரோ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
மரப்பாலத்தின் முனைக்குப் போய்
சேற்றில் துள்ளும் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்,
கொடுத்துவைத்த கடனை எண்ணுகிறவர் மாதிரி.

மீன் கடைச் சீனத்தி
"மருதை! கெமுக்!" என்று வயிற்றில் குத்தினாள்.
குண்டாகிவிட்டாராம்.
அவர் மலாயில் ஏதோ திருப்பிச் சொன்னார்,
தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பு போனில் வந்ததில்லை.
வீட்டிலும்தான்.

கடை அப்படியே இருந்தது.
சம்பள வாரம்.
தோட்டத்து ஆட்கள் வெளியே பெஞ்சில்,
பூட்ஸில் செம்மண்,
தலையில் முள் கீறல்.
உள்ளே முசிறிப் பக்கத்துப் பையன் ஒருவன்,
வந்து எட்டு மாதம், பேர் அழகிரி.
அந்த நாற்காலியில் பதினோரு வருஷம்
அடுத்தவர் தலையாக உட்காரவைத்தவர்
முதல்முறை தானே உட்கார்ந்தார்.
கழுத்தில் துணியைக் கட்டியதும்
முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

ஒரு பக்கம் முடித்து
மறு பக்கம் நுரை தடவும்போது போன் அடித்தது.
"அக்கா, கை நுரை. கொஞ்சம் எடுங்களேன், வீட்லதான்."

எடுத்தேன்.
ஒரு பெண் பேசாமல் இருந்தாள்.
நானும் அப்படித்தான் முதலில் காத்திருப்பேன்.

அப்போது விழுந்தது அந்தக் கட்டடம்.
வாசலுக்கு ஓடிப் பார்த்தேன்:
ஐஸ் ஆலையின் சறுக்கில்
ஆள் நீளப் பாளங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படகுக்குள் இறங்கின.
வெள்ளைப் புகை. நனைந்த கோணி. இரண்டு பூனைகள்.

"என்ன சத்தம் அது?" என்றாள் போனில்.

"ஐஸும்மா. படகுக்கு ஏத்துறாங்க.
நாலரை ஆனா அப்படித்தான்.
பயப்படாத."

கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும்.
"நீங்க யாரு?"

திரும்பிப் பார்த்தேன்.
பாதித் தலையும் நுரையுமாகக் கண்ணாடிக்குள் இருந்து
அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
சொல் என்பதுபோல.