ஒரு பட்டா நீளம்

திருமலை வீதியில்
வங்கிக்கு எதிரே நிற்கிறேன்.
இடுப்பில் காசுப்பை, கையில் மூன்று புத்தகம்:
மோட்டார் சைக்கிளுக்குப் பச்சை,
ஓட்டோவுக்கு மஞ்சள்,
கார் வானுக்கு றோஸ்.
மாநகர சபை முத்திரை மட்டும்
எல்லாத் துண்டிலும் ஒரே சாய்வு.

“அஞ்சு நிமிசம்தான் கா” என்பார்கள்.
இந்த ஊர் அஞ்சு நிமிசத்தில்
அடகு நகையை மீட்கலாம்,
மீட்டதை அடுத்த வங்கியில் வைக்கலாம்,
நடுவில் ஒரு பிளேன்டீயும் குடிக்கலாம்.
நான் மணிக்கூடு பார்ப்பதில்லை.
எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பேன்.

கிழித்த துண்டும் பையில் உள்ள காசும்
பின்னேரம் ஒத்துவர வேண்டும்.
ஒத்துவராத நாளில்
டெண்டர் எடுத்த நேசதுரை
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைப்பார்.
ஒன்றும் பேசமாட்டார்.
காசு தராமல் கிளம்பிய சாம்பல் கார்
என் பிள்ளைகளின் முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில்
கல்லடிப் பாலத்தடியில் நில் என்றால்
இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்து,
சைக்கிளை உருட்டி நடக்க வேண்டும்.
அப்போது நிற்பதற்குக் காசில்லை.
இப்போது மணித்தியாலம் ஐம்பது ரூபாய்.
திட்டுகிறவர்களிடம் இதைச் சொல்ல நினைப்பேன்.
சொன்னதில்லை.
பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள்.

சித்திரை கழிந்து ஓர் இரவு
சபையின் ஆட்கள் மஞ்சள் கோடு போட வந்தார்கள்,
மருந்துக்கடை வாசலிலிருந்து சந்தி வரை.
புடவைக்கடை முன்னால்
கிளச்சு வயர் அறுந்த பட்டா ஒன்று நின்றது.
சாரதி இல்லை. தள்ளவும் ஆளில்லை.
பின் பம்பர் வரை கீறி,
முன் பம்பரிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

விடிந்தபோது பட்டா இல்லை.
தார் வீதியில் ஒரு பட்டா நீளத்துக்குச்
சட்டமும் இல்லை.

கோட்டில் நிறுத்தினால் பொலிஸ் தண்டம் எழுதும்,
கட்டத்தில் நிறுத்தினால் நான் துண்டு கிழிப்பேன்,
இது கோடுமில்லை கட்டமுமில்லை.
முதலில் கண்டுபிடித்தவர்
காத்தான்குடியிலிருந்து வரும் முபாறிஸ்.
“தங்கச்சி, இந்த இடத்துக்குச் சபையில என்ன பேர்?”
எனக்குப் பதில் வரவில்லை.
அவர் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள்
காலை ஐந்தரைக்கே இடம் பிடித்தார்கள்.
ஆளில்லாதபோது ஒரு கல்,
ஒரு பழைய டயர்,
ஒருநாள் உரிக்காத தேங்காய்.
சட்டத்தரணி ஒருவர் சின்னக் காரை அதில் விட்டுக்
கைகட்டி நின்றார், யாராவது கேளுங்கள் என்பதுபோல்.
யாரும் கேட்கவில்லை.
முகம் தொங்கிப்போய்க் கோட்டுக்குப் போனார்.
போக்குவரத்துச் சார்ஜன்ட் திலகரத்ன
நாடா பிடித்து அளந்தார்.
“நாலு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய” என்று தமிழில் சொன்னார்.
நாடாவைச் சுருட்டிக்கொண்டு
தன் மோட்டார் சைக்கிளை அதிலேயே விட்டுச்
சாப்பிடப் போனார்.

சபையில் என்னைக் கூப்பிட்டார்கள்.
எந்தப் பட்டா அது? இலக்கம் என்ன?
இந்த வீதியின் இலக்கமெல்லாம் எனக்குப் பாடம் என்று
அவர்களுக்குத் தெரியும்.
“கவனிக்கல்ல சேர்” என்றேன்.

அந்தப் பட்டா
வாகரைப் பக்கமிருந்து வத்தகப்பழம் ஏற்றுகிறது.
அதன் ஆசனத்தின் கீழ்
என் வலதுகால் செருப்பு கிடக்கிறது.
லீசிங் இன்னும் இருபத்தாறு மாசம்.
அன்றிரவு வயர் அறுந்ததும்
குணராசா என்னைத்தான் போனில் கேட்டார்.
நான்தான் சொன்னேன்:
“விட்டுட்டு வாங்க.
இந்த ரோட்டில காசு கேக்கிறவ நான்தானே.”

மிச்சக் கோட்டுக்கு மதிப்பீடு போயிருக்கிறது:
பெயின்ட் அரை லீற்றர், கூலி இரண்டு பேர்,
கையெழுத்து மூன்று.

நடுப்பகலில் அது காலியாய்க் கிடந்தால்
என் பிளாஸ்டிக் கதிரையை அங்கே இழுத்துப் போடுவேன்.
நேற்று முபாறிஸ் வந்து ஹோர்ன் அடித்தார்.
“அஞ்சு நிமிசம்தான் காக்கா” என்றேன்.