ஆறிய சோறு

நான் மகோரொக்கு. ஷோகுனுக்கு முன்னால் உண்பவன்.
ஒரு கவளம், ஒரு மிடறு, ஒரு துண்டு மீன்.
பிறகு ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும் வரை
எல்லாரும் என் முகத்தையே பார்த்திருப்பார்கள்.
நான் சாகவில்லை என்று உறுதியானால்
தட்டுகள் உள்ளே போகும்.

அண்ணன் குதிரையிலிருந்து விழுந்த மாதம்
அவருக்குப் பதினொரு வயது.
கமேமாரு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பையனுக்குக்
கறுப்புத் தொப்பி கட்டி நரிஹிசா என்று பெயரிட்டார்கள்.
தொப்பி காதுவரை இறங்கியது.
நாட்டை மாமன் சுகெகாதா பார்த்துக்கொண்டார்.
பையனுக்கு மிஞ்சியது கையெழுத்து,
மடங்கிய கொக்குபோல் ஒரு மைக்கோடு.

அவரோடு நான் பேசக் கூடாது.
அவர் பேசினால்?
அதற்கு விதி எழுத மறந்துவிட்டார்கள்.
"மகோரொக்கு, சூடு என்ன ருசி?"
"கடிக்கும், பிரபு."
"நாய் மாதிரியா?"
நான் குனிந்துகொண்டேன்.

வகாசாவின் உப்புக் கானாங்கெளுத்தி,
தம்பாவின் கஷ்கொட்டை, பிவா ஏரிக் கெண்டை.
எந்த மாகாணம் எங்களோடு பகை என்பதை
எந்தக் கூடை வரவில்லை என்பதில் அறிந்தேன்.
படைத்தலைவர்களுக்குப் பிறகுதான் தெரியும்.

பத்தொன்பதாம் வயதில் மாமனின் தலையை மழித்து
மலைமடத்துக்கு அனுப்பினார்.
விடைகொடுத்த மதுவை நான்தான் சோதித்தேன்.
சுத்தமான மது.
மாமன் செத்தது அடுத்த வசந்தத்தில்,
மடத்துக் கஞ்சியில்.
அங்கே என்னைப்போல் ஆள் இல்லை.

பிறகு மழை வராத இரண்டு வருடம்.
காமோ ஆற்றில் தண்ணீரைவிடப் பிணம் அதிகம்.
காற்று திரும்பும்போது அரண்மனைக் கதவுகளை அடைப்பார்கள்;
கதவடைத்த அறையிலும் சோற்றில் அந்த வாடை இருந்தது.
வாடை நஞ்சல்ல. "சரி" என்றேன்.

கோரைத் தொப்பிக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள்,
வட்டிக்கடைகளுக்குத் தீ வைத்தார்கள்.
எல்லாக் கடனும் ரத்து என்று கொக்கை வரைந்தார் நரிஹிசா.
நான்கு நாள் ஊரே கூத்தாடியது.
ஐந்தாம் நாள் வட்டிக்காரர்கள் சாக்கே பீப்பாய்கள் அனுப்பினார்கள்.
வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்:
அவ்வளவு நல்ல சாக்கே நான் குடித்ததே இல்லை.
ஆறாம் நாள் இன்னொரு கொக்கு, முதல் கொக்கை விழுங்கியது.
ஆற்றங்கரையில் பதினேழு தலைகள்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.
அவர் தண்ணீரையும் முதலில் குடித்தது நான்.

அந்த மார்கழிக் குளிரில் ஒருநாள், நடுராத்திரி,
அடுப்படியில் எனக்காகக் கொதித்த தினைக்கஞ்சி முன்னால்
வெறுங்காலோடு வந்து நின்றார்.
நான் கையை நீட்டுமுன் அகப்பையை எடுத்துவிட்டார்.
நஞ்சிருந்தால்?
பதறி நானும் பானையிலேயே வாய் வைத்தேன்.
இருவர் நாக்கும் வெந்தது.
கண்ணில் நீர் வர, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டு
"நாய் இல்லை" என்றார்.
வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

ஐந்து நாள் எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
மரக்கட்டை நாக்கால் தொட்டு "சரி, சரி" என்றேன்.
எவனாவது துணிந்திருந்தால்
அந்த ஐந்து நாளில் முடிந்திருக்கும்.

முடித்தவன் தை மாதம் வரை காத்திருந்தான்.
குளியலறை வாசலில் காவல் நின்றவன்,
பதினேழு தலைகளில் ஒன்றுக்குத் தம்பி.
இரும்பை முன்கூட்டி ருசிபார்க்க ஆள் வைக்கவில்லை.
என்னை மட்டும் மூன்று நாள் அடித்தார்கள்,
"என்ன கொடுத்தாய், என்ன கொடுத்தாய்" என்று.
பழக்கதோஷம்.

இப்போது ஓத்சுவில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.
மனைவி சூப்பை வைக்கிறாள், ஆவி பறக்கிறது.
நான் காத்திருக்கிறேன்.
"குடியேன், யார் சாகக் காத்திருக்கிறாய்?"
என்று கத்துகிறாள் ஒகிகு.
ஆவி அடங்குகிறது.
கிண்ணத்தின் விளிம்பில் எண்ணெய் உறைகிறது.
எடுத்துக் குடிக்கிறேன்.