எண்ணூறு

எண்ணூறு போதும் என்று நினைத்தது நான்தான்.
வினாடிக்கு எண்ணூறு கிலோபிட்.
லியெபாயாவில் வாடகை ஏறிவிட்டது,
மடிக்கணினியில் மிச்சமிருப்பதோ நாலு விரற்கடை இடம்.
தரமா, அளவா என்று கேட்டது ஸ்கிரீன் ரெக்கார்டர்.
அளவு என்றேன், சிக்கனக்காரி.

காது கேட்பவர்கள் படம் உடைந்தாலும்
"சரி, நீ சொல்லு" என்று
இருட்டில்கூடப் பேசிக்கொள்வார்கள்.
நானும் ஐனார்ஸும் பிறந்ததிலிருந்தே
கைகளால் பேசுகிறவர்கள்.
எங்களுக்குப் படம்தான் குரல்.
பிக்சல் குறைந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்.
பேசியதைக் கடிதம்போல் மடித்துவைக்கவும் முடியாது,
அதனால்தான் பதிவு.

அவன் நார்வேயின் வடக்கில்
கராஷோக் பக்கம் சாலை போடுகிறான்.
சூரியன் மறைய மறந்த ஜூலை.
கைகள் இரண்டும் வேண்டுமே,
போனைத் தேநீர்க் குடுவைமேல் சாய்த்துவைப்பான்,
நெட்டுக்குத்தாக. ஒன்பதுக்குப் பதினாறு.
என் திரையோ பதினாறுக்கு ஒன்பது.
இரு பக்கமும் கறுப்பு,
நடுவில் ஒடுங்கிய ஜன்னலில் அவன்.
விரித்துச் சொல்லும் சொல்லெல்லாம்
மணிக்கட்டோடு அறுந்துபோகும்.
கடல் என்பான், பாதிக் கடல்தான் வரும்.
பழகிவிட்டது. மீதியை நானே ஊற்றிக்கொள்வேன்.

செவ்வாய் இரவு, பேச்சின் கடைசியில் கேட்டேன்:
நான் கிளம்பி வரட்டுமா?
அந்நேரம் பார்த்துக் காபி பொங்கி அடுப்பில் வழிந்தது.
திரும்பினேன்.
பரவாயில்லை, பதிவு ஓடுகிறதே.
துடைத்துவிட்டு வந்தபோது
அவன் இரவு வணக்கத்தில் இருந்தான்.

எங்கள் இருவருக்கு மட்டுமான சைகையில்
(எந்த அகராதியிலும் இல்லை)
வா என்பதற்கும் பொறு என்பதற்கும்
ஒரு சுண்டுவிரல்தான் வித்தியாசம்.

மூன்று இரவு, ஃப்ரேம் ஃப்ரேமாக.
வினாடிக்கு முப்பது.
வலது கை எழுந்து இறங்குவது பதினொன்றில்.
பெரிதாக்கினேன், சதுரம்.
இன்னும் பெரிதாக்கினேன், பெரிய சதுரம்.
தோல்நிறக் கட்டங்கள்,
யாரோ கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு.

ஆனால் அவனுக்குப் பின்னால்,
தகரச் சுவரில் தொங்கும் மழைக்கோட்டில்
மூன்றாவது பொத்தான் இல்லாதது தெரிகிறது.
நாட்காட்டியில் வட்டமிட்ட பதினேழு தெரிகிறது.
கோப்பையின் விளிம்பில் உடைசல்,
அதுகூட.
பிட்ரேட்டின் கணக்கு அப்படி.
அசையாததை ஒருமுறை எழுதி
அப்படியே வைத்துக்கொள்ளும்.
அசைவதற்குத்தான் செலவு.
கை இறுகினால்
அது முதலில் கைவிடுவது கையைத்தான்.

தொலைக்காட்சியில் எடிட்டிங் செய்யும் சர்மீதேயிடம் போனேன்.
ரெசல்யூஷனை நாலு மடங்கு கூட்டித் தா என்றேன்.
"கூட்டலாம், விரலும் வரும்.
அது இயந்திரம் ஊகித்த விரல்.
அவனுடையதா வேண்டும், அதனுடையதா?
சட்டியில் இல்லை, விஸ்மா,
அகப்பையை ஏன் திட்டுகிறாய்?"

வெள்ளிக்கிழமை
பழைய படங்களையெல்லாம் அழித்து இடம் செய்தேன்.
என் தம்பி திருமணம் போனது, போகட்டும்.
பிட்ரேட் பன்னிரண்டாயிரம்.
போனைப் படுக்கவை என்றேன் அவனிடம்.
கறுப்பு விலகி, தோள்களோடு, முழங்கைகளோடு,
முழு ஆளாக வந்தான்.

செவ்வாய்க்கிழமை கடைசியில்
என்ன சொன்னாய்?

யோசித்தான்.
நெற்றியைச் சொறிந்தான்.
பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தான்.
கொசு, என்றான்.
இங்கே ஜூலையில் ஆளையே தூக்கிக்கொண்டு போகும்,
காதோரம் ஒன்று, அதைத்தான் விரட்டினேன்.
நீ ஏதோ கேட்டாய் போல, கவனிக்கவில்லை.
என்ன கேட்டாய்?

பத்து விரலும் தெளிவாகக் கேட்டன.
ஒரு நகத்தில் தார்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
திரையின் வலது மூலையில்,
தபால்தலை அளவுக் கட்டத்தில் நான்.
மேசைமேல் என் கைகள் இரண்டும்
அசையாமல்,
ரேகை எண்ணலாம்,
அவ்வளவு துல்லியம்.